பஞ்சு அடைத்த காது

காலை ஆறு மணிச் சங்கு ஓய்வதற்குள் பாண்டீஸ்வரி மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களுக்கு நடுவே நின்று அறுந்த நூலை ஒட்டத் தொடங்கிவிட்டாள். ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுழலும் சத்தம் பல்லுக்குள் அதிர்ந்தது. நூல் அறாமலிருக்க மேலே குழாய்களிலிருந்து எந்நேரமும் நீர்ப்புகை இறங்கும். அந்த ஈரத்தில் பஞ்சுத்தூசி ஒட்டி, ஒரு மணி நேரத்தில் புருவம், மூக்கு, காது எல்லாம் வெளுத்துவிடும். ஒரு ஷிப்டில் அவள் நடக்கும் தூரத்தை நேர்ரோட்டில் நடந்தால் ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கே வந்துவிடலாம்.

சத்தத்துக்கு மில்லில், காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு அதுதான். கழுவி, காயும் முன்பே திரும்பக் காதில் வைக்க வேண்டும். தொலைத்துவிட்டுப் புதிது கேட்டால் வசவு கிடைக்கும். அதனால் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். ஓடுகிற பஞ்சுத் திரியில் ஒரு சிட்டிகை கிள்ளி, உருட்டி, காதில் திணித்துக்கொண்டாள். அரித்தால் கொண்டை ஊசி. வலித்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெய். அதன்மேல் மறுபடியும் பஞ்சு.

பத்து நாளாக வலது காதில் வலி. நேற்றிலிருந்து இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. எட்டு மணிவாக்கில் பக்கத்து மெஷின் கஸ்தூரியம்மாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் வழிந்திருந்த சீழை முந்தானையால் துடைத்தாள். சூப்பர்வைசர் மதன்குமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போகச் சீட்டு எழுதினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமாவதி காது மடலை லேசாக இழுத்ததுமே பாண்டீஸ்வரி துள்ளிவிட்டாள். இடுக்கியில் கறுத்த பஞ்சு உருண்டை ஒன்று வந்தது.

"இதென்னம்மா, போன தீபாவளிக்கு வச்சதா?"

"சுத்தமாத்தான் வச்சிருந்தேன் டாக்டர். தெனமும் ஊசியால கொடைஞ்சு எடுத்துருவேன்."

"அதுதான் தப்பு. காது தன்னால சுத்தமாகிக்கும். நீ கொடைஞ்சு தோலக் கிழிச்சுட்ட. எண்ணெய ஊத்தி, ஈரப் பஞ்ச வச்சு அடைச்சுட்ட. குழாய் முழுக்க வீங்கிக் கெடக்கு."

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். காதில் தண்ணீர் படக்கூடாது; ஆறும்வரை உள்ளே எதையும் வைக்கக்கூடாது; சத்தத்துக்கு வெளிப்பக்கமாக மூடும் காதுமூடி மட்டும்தான். சீட்டில் எழுதிக்கொண்டே எந்த மில் என்று கேட்டார். சொன்னாள்.

"இந்த மாசம் அங்கன இருந்து வர்ற ஏழாவது ஆளு நீ."

திரும்பும் பஸ்ஸில் வலியைவிட அந்த ஏழுதான் அவளைக் குடைந்தது. தன் உடம்பின் அழுக்கு என்று நினைத்து, நாற்றத்துக்குப் பயந்து, பத்து நாளாக யார் பக்கத்திலும் உட்காராமல் சோறு தின்றிருந்தாள். மற்ற ஆறு பேரும் அப்படித்தான் ஒதுங்கித் தின்றிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கேட்டில் முதலாளி சண்முகராஜே நின்றார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள். அடைப்பான் இல்லாத காது உள்ளே போகக்கூடாது.

பாண்டீஸ்வரி நீட்டிய டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "வச்சுக்கிட்டு உள்ள போ. இல்ல, கணக்க முடிச்சுட்டு வீட்டுக்குப் போ."

"உள்ள எதுவும் வைக்கக் கூடாதுன்னு டாக்டரு எழுதியிருக்காக சார். மேல மூடுறது ஒண்ணு குடுங்க."

"ஒருத்திக்காக நான் அத வாங்கணுமா? வீட்டுல காதத் தொடைக்காம வந்துட்டு மில்லக் குத்தம் சொல்றியா?"

"தொடைச்சதுதான் தப்புன்னு டாக்டரு சொன்னாக சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"ஒருத்தி இல்ல சார். ஏழு பேரு," என்றாள் பாண்டீஸ்வரி.

"யாரு அந்த ஏழு பேரு? முன்னால வரச் சொல்லு பாப்போம்."

யாரும் அசையவில்லை. முன்னால் வருகிறவளுக்கும் கணக்கு முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பாண்டீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆறு பேர் யாரென்று அவளுக்கே தெரியாது; ஆனாலும் யாரைப் பார்த்தாலும் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

"எனக்கு ரெண்டு காதும் சார்." வரிசையில் பின்னால் நின்ற ஜக்கம்மா முக்காட்டை விலக்கினாள்.

"எனக்கு எடது காது," என்றாள் கஸ்தூரியம்மாள்.

பாண்டீஸ்வரி அவளை வெறித்தாள். "ஏங்க்கா, நேத்து எனக்குத் தொடச்சுவிட்டீகளே, அப்பக்கூடச் சொல்லலையே?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் சூரியபிரகாஷ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றான். ஒவ்வொருவராக முன்னால் வர, ஏழைத் தாண்டிப் பதினொன்று ஆனது. காது நன்றாக இருந்தவர்களும் அடைப்பானைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

"புண்ணு வந்தவுகளுக்கு வைத்தியத்துக்கு லீவு, எல்லாத்துக்கும் காதுமூடி. அதுவரைக்கும் யாரும் உள்ள வரல சார்," என்றான் சூரியபிரகாஷ்.

"மெரட்டுறியாடா? உங்கள நம்பியா மில்லு கட்டுனேன்? நாளைக்கே பீகார்லருந்து வண்டியில ஆளு எறங்கும்."

"எறங்கட்டும் சார். அவுகளுக்கும் ரெண்டு காதுதான்," என்றாள் கஸ்தூரியம்மாள்.

முதலாளி போய், வெளியே ரோட்டில் நின்ற காரில் ஏறிக்கொண்டு, கேட்டுக்குள் போக வழிவிடச் சொல்லி ஹாரனை அழுத்தினார். பாண்டீஸ்வரிக்கு மருந்து விடும் நேரம். கஸ்தூரியம்மாள் கேட்டுக்கு நேரே ரோட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவளைத் தன் மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மருந்துப் புட்டியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, மூன்று சொட்டு விட்டாள்.

"அஞ்சு நிமிசம் அசையாமப் படு. ஆத்தா ஜக்கு, நீயும் இங்கன உக்காரு."

ஜக்கம்மா உட்கார்ந்தாள். சூரியபிரகாஷ் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக ரோட்டின் அகலம் முழுக்க உட்கார்ந்தார்கள். ஹாரன் மறுபடியும் அலறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.