டைல் துண்டில் கறுப்புக் கோடு

ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீருக்குப் பதில் காவி நிறச் சேறு கொட்டியது. றொஷேல் வாளியை அப்படியே விட்டுவிட்டு, மலைப் பக்கம் பார்த்துக் கூவிக்கொண்டே மேட்டில் ஏறினாள். அப்பா தோண்டும் குழிக்குப் பக்கத்திலிருந்துதான் பீலிக்கு ஊற்று வருகிறது.

குழி வாயை மண் மூடியிருந்தது. அண்ணன் ஜூட் மம்பட்டியை எறிந்துவிட்டுக் கையாலேயே வாரிக்கொண்டிருந்தான்.

“அப்பா உள்ள புள்ள! தேத்தண்ணி எடுக்க இப்பதான் நான் வெளிய வந்தேன்…”

“கூவிட்டேன், கொழுந்து எடுக்கிறவங்க ஓடி வாராங்க.”

அவளும் வாரினாள். இடது கையில் டைல் துண்டு இன்னும் இருந்தது.

எல்லாம் போன மழையில் மண் சரிந்ததிலிருந்து தொடங்கியது. பாறை வெடிப்பில் மஞ்சளாய் ஒரு கல். தாயக்கட்டைகளை நெருக்கி அடுக்கியதுபோல் சதுரம் சதுரமாய், ஒவ்வொரு முகத்திலும் ஊசியால் கீறிய மாதிரி வரிகள். இடுக்குகளில் இன்னும் அடர்ந்த மஞ்சள், யாரோ பின்னால் உருக்கி ஊற்றியதுபோல். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் கறுத்த சாணைக்கல்லில் அப்பா அதை உரசினார். பொட்டுப் பொட்டாய் மின்னியது. “நகைக்கடைக்காரனும் கறுப்புக் கல்லுலதான் ஒரசுறான். மனுசன் பொய் சொல்லுவான், கல்லு சொல்லுமாடி?” என்று சிரித்தார், தங்கமென்று நம்பி அங்கேயே குழி தோண்டத் தொடங்கினார். ஆனாலும் டீச்சரிடம் கேட்டுவரச் சொல்லி அவளிடம் ஒரு சில்லைக் கொடுத்தனுப்பினார்.

அடியிலிருந்து சுடுதண்ணீர் வெடிப்பில் ஏறி, இரும்பையும் கந்தகத்தையும் படியவிட்டுப் போயிருக்கும் என்றார் டீச்சர். வெள்ளை டைலின் சொரசொரப்பான பின்பக்கத்தில் உரசிப் பார்க்கச் சொன்னார். தங்கமென்றால் மஞ்சள் கோடு விழுமாம். பீலியடியில் உரசினாள். கறுப்பாய் விழுந்தது. சாணைக்கல்லின் கறுப்பில் அந்தக் கறுப்பு தெரியாமலே போயிருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று நின்றபோதுதான் சேறு வந்தது.

ஜூட்டின் கை ஒரு சந்துக்குள் நுழைந்தது. உள்ளே தண்ணீர் களகளவென்று ஏறும் சத்தம்.

“அப்பா! கயிறு விடுறேன், ரெண்டு கையாலயும் புடிங்க!”

“ஒரு கைதான்டா சும்மா இருக்கு. மத்ததுல பெரிய கட்டி. இத விட்டுட்டு வரமாட்டேன்.” குரலில் சிரிப்பு இருந்தது.

றொஷேல் டைல் துண்டைத் திருப்பி, கறுப்புக் கோட்டை ஜூட்டிடம் காட்டித் தலையை ஆட்டினாள், தங்கமில்லை என்று.

“தங்கமில்லன்னு சொல்லிரு, அப்பதான் கட்டியப் போடுவாரு,” என்று கிசுகிசுத்த ஜூட், உடனே அவள் கையைப் பிடித்தான். “வேணாம். அந்த நெனப்புலதான் மனுசன் தெம்பா நிக்கிறாரு.”

மழை தூறியது. டைலில் இருந்த சேறு கரைந்து போனது, கோடு போகவில்லை.

“றொஷேலு வந்துட்டாளா? என்ன புள்ள, டீச்சர் என்ன சொன்னாங்க?”