பீப்பாய்த் தண்ணீரும் டாக்டரம்மாவின் காகிதமும்

டாக்டர் கிரெவா மறுபடியும் ஒரு காகிதத்தை நீட்டினாள். மரினுக்கு அதை அங்கேயே கசக்கி எறிய வேண்டும் போலிருந்தது. வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க இதே மாதிரிக் காகிதங்கள்தான். கால் வீக்கத்துக்கு ஒன்று, மூச்சிரைப்புக்கு ஒன்று, நடைப்பயிற்சிக்கு ஒன்று. நாற்காலியை விட்டு எழ முடியாத மனைவி நெவேனாவுக்கு நடைப்பயிற்சி.

அவளுக்கு இதயம் பலவீனம் என்று இலையுதிர் காலத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் கால் இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன. படுத்தால் மூச்சு முட்டியதால் இரவெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள். அடுத்த வாரத்துக்குள் வீக்கம் வடியாவிட்டால் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மரினின் தம்பியை அங்கேதான் சேர்த்தார்கள். அவன் துணிமணி மட்டும் ஒரு பையில் திரும்பி வந்தது.

"உப்பு?" என்று டாக்டர் போன முறை மாதிரியே கேட்டாள்.

"ஒரு கல் கூட இல்ல."

அவள் நம்பவில்லை. அது அவள் மூக்குக்கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. மரினுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. உப்புக் கிண்ணத்தைத் தூக்கிக் கொட்டகையில் வைத்ததே அவர்தான். உப்பில்லாத பீன்ஸ் சூப்பைப் பார்த்து நெவேனா கண் கலங்கினாள். அதையும் சகித்துக்கொண்டு அவரும் அதையே சாப்பிட்டார்.

பேருந்தில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காகிதத்தைப் படித்தார். மேலே ஒரு வயதான ஜோடி, அத்தனை பல்லும் வெள்ளை வெளேரென்று, சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே, தொடக்கூடாதவை: உருளைக்கிழங்குச் சிப்ஸ், பாக்கெட் சூப், டின் இறைச்சி, பீட்சா, சோயா சாஸ். இதில் ஒன்றுகூட அவர் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. சோயா சாஸ் என்றால் என்ன என்று ஒரு தடவை கேட்டதற்கு டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபக்கம், தாராளமாகச் சாப்பிட வேண்டியவை. அங்கே பச்சைப் பசேலென்று ஒரு முட்டைக்கோஸ் படம்.

இந்த ஒரு விஷயத்திலாவது இவர்களுக்குப் புத்தி இருக்கிறதே என்று மரின் நினைத்துக்கொண்டார். ஏனென்றால் முட்டைக்கோஸ் விஷயத்தில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குளிர்காலத்துக்கு முன்பே நிலவறைப் பீப்பாயில் முழு முழுக் கோசாக அடுக்கி, தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுவார். ஒருநாள் விட்டு ஒருநாள் பீப்பாயின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடித்து மறுபடி மேலே ஊற்றுவார். அப்படி ஊற்றாவிட்டால் கோசு கொழகொழத்துப் போகும். அந்தத் தண்ணீர்தான் மருந்து. கோசின் சத்து மொத்தமும் அதில் இறங்கியிருக்கிறது. உப்பில்லாத சாப்பாட்டில் மெலிந்துபோகும் மனைவிக்குத் தெம்பு வரட்டும் என்று காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை கொடுத்துவந்தார்.

வியாழக்கிழமை நர்ஸ் பவ்லினா ஊசி போட வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண், கூச்சப்படாமல் பழகுவாள். ஊசி போட்டு முடித்ததும் மரின் நிலவறைக்குப் போய் இரண்டு குவளை நிரப்பிக்கொண்டு வந்தார். பவ்லினா ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். தன் அப்பா போடுவதைவிட இது ஒரு படி மேல் என்று சொன்னாள். மரினின் முகம் மலர்ந்தது. மற்றக் குவளையை எடுத்துக்கொண்டு நெவேனாவின் நாற்காலிப் பக்கம் போனார்.

"அது யாருக்கு?" என்றாள் பவ்லினா.

"வேற யாருக்கு? தினமும் ரெண்டு வேளை குடுக்கறேன்."

பவ்லினா எழுந்து வந்து அவர் கையிலிருந்த குவளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மரின் தாத்தா, பீப்பாய்க்கு எவ்வளவு உப்பு போட்டீங்க?"

"கஞ்சத்தனம் பண்ணுவேனா? கல்லுப்பு, மூட்டையோட அவுத்து…"

அவர் கண் தானாக ஜன்னல் வழியே, உப்புக் கிண்ணம் இருந்த கொட்டகைப் பக்கம் போனது.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். "காட்டு. பீப்பாய்னு எங்க போட்டிருக்கு காட்டு. கோசு தின்னுன்னுதான் போட்டிருக்கு, படத்தோட." பவ்லினா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இதை எழுதியவன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ என்று முணுமுணுத்தாள். கொஞ்சம் மூளையை உபயோகித்திருக்கலாமே என்று அவரையும் திட்டினாள். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"எனக்கு அது எப்பவுமே பிடிக்காது," என்றாள் நெவேனா நாற்காலியிலிருந்து.

மரின் திரும்பினார். "அப்புறம் ஏன்டி குடிச்ச?"

"வேண்டாம்னு சொன்னா யாரு காது குடுத்துக் கேக்கறது? குழாயத் தொறக்கறதுலேந்து உன் கோசுப் பெருமைய ஆரம்பிப்ப. குடிச்சுத் தொலைக்கறதே நிம்மதி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இதைக் குடித்துவருகிறாள். மரினுக்கு யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை.

குவளை நின்றது. மருந்து அதேதான், மாத்திரை அதேதான். கணுக்கால் எலும்பு மெல்லத் தலைகாட்டியது. ஞாயிற்றுக்கிழமை நெவேனா கட்டிலில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டாள். மரின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தன் கையாலேயே ஊட்டியது விஷம் என்று நினைத்துக்கொண்டார். விடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு டாக்டர் கிரெவாவின் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

காத்திருப்போர் அறை நிறைந்திருந்தது. பாதிப் பேர் கையில் அதே காகிதம். மரின் உட்காரவில்லை. பீப்பாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் யார் யார் என்று நின்றபடியே கேட்டார். எல்லோரும்தான். ஒருவருக்குச் சாராயம் குடித்த மறுநாள் காலை அதில்லாமல் தலை நிற்காது. இன்னொருவர் பேரனுக்கே கொடுக்கிறார். பெருத்த கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த ஸ்தாங்கா, இன்று காலைகூடக் குடித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். அது உப்புப்பா, உப்பு என்று மரின் தொண்டை வறள எடுத்துச் சொன்னார். அது கோசு, நீ என்ன டாக்டருக்குப் படித்தாயா என்று ஸ்தாங்கா கேட்டாள்.

சத்தம் கேட்டு டாக்டர் கிரெவா கதவைத் திறந்தாள். மரின் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாள் மெதுவாக. பிறகு அறையைப் பார்த்துத் திரும்பினாள். "உங்கள்ல யாரெல்லாம் அதைக் குடிக்கிறீங்க?"

ஒரு கைகூட எழவில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார்.

"நாங்க தொடறதே இல்ல டாக்டர்," என்றாள் ஸ்தாங்கா.

இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டரைப் பார்க்க அவருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"நீங்க, மரின்?" என்றாள் அவள். "வீட்டம்மாவுக்கு நிறுத்தியாச்சு. நீங்க நிறுத்திட்டீங்களா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். 'எப்பவாவது ஒரு வாய்' என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. கட்டிலில் மல்லாந்து கிடந்தவளின் குறட்டை காதில் கேட்டது.

"குடிக்கறேன்," என்றார். "காலைல ரெண்டு குவளை."

கோட்டைக் கழற்றி, ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.