வேலிக்கு அந்தப் பக்கம்

வாணி டீச்சருக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் இருமல்கூடப் பிடிக்காது. கம்போங் ராஜா ஊருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் விற்றுவிட்ட பழைய தொழிலாளர் லயத்தில் இருவருக்கும் ஒட்டு வீடு. மேலே ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் மச்சுப் பலகையோடு நின்றுவிடும்; அதற்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் இடம்தான். அங்கே முணுமுணுத்தால் இங்கே கேட்கும்.

வாணிக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதனால், மழையில்லாமல் மலைச்சரிவில் லாலாங் புல் பற்றியெரிந்த வாரமே மண்வெட்டியை எடுத்துவிட்டாள். புல்லைச் செதுக்கினாள். சன்னலை உரசிய சைப்ரஸ் கிளைகளை வெட்டினாள். சுவரோரம் சரளைக்கல் கொட்டினாள். எல்லாம் முறையான வேலை. வெட்டியதை வேலிக்கு அந்தப் பக்கம், தங்கம்மாவின் அடுப்படிச் சுவரோரம் தள்ளியதுதான் அநியாயம். சைப்ரஸ் தங்கம்மா நட்டது, ஆகவே குப்பையும் தங்கம்மாவுடையது என்பது டீச்சரின் சட்டம்.

“வெட்டுனது நீங்க. நீங்களே அள்ளுங்க டீச்சர்” என்றாள் தங்கம்மா.

“மரம் உங்களோடதுதானே லா. லோரி கூப்பிட்டு ஏத்துங்க.”

“என் கை படாது. காஞ்சு கெடக்கட்டும்.”

கிடந்தது. பச்சை பழுப்பானது. இருவரும் தினமும் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அள்ளினால் தோற்றதாகிவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்த் தோட்டத்தில் யாரோ காய்ந்த தக்காளிக் கொடிகளைக் கொளுத்த, காற்றில் வந்த பொறி அந்தக் குவியலில் விழுந்தது. தங்கம்மா வாளியோடு ஓடி வந்தாள்.

“டீச்சர், பைப்ப இந்தப் பக்கம் திருப்புங்க.”

வாணியின் கையில் ரப்பர் குழாய் இருந்தது. வேலியைத் தாண்டிப் பாயும் வேகத்தில் தண்ணீரும் வந்தது. அவள் தன் சுவரை நனைத்தாள். எதற்குத் திருப்ப வேண்டும்? சொன்னபோதே அள்ளியிருக்கலாம் இல்லையா? நெஞ்சில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அவள் பக்கம் எரிவதற்கு ஒரு புல் இல்லை.

தங்கம்மாவின் அடுப்படிப் பலகைச் சுவரில் தீ பிடித்துக்கொண்டது. வாளியை வீசிவிட்டு அவள் ரோட்டுக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் கரி. அழவில்லை.

“சொவர நல்லா நனைச்சிட்டீங்க டீச்சர்” என்றாள். “மேல பாருங்க.”

வாணி நிமிர்ந்தாள். அவள் வீட்டுத் தகரத்தின் இடுக்குகளிலெல்லாம், வாசற்பக்கம் வரைக்கும், புகை வந்துகொண்டிருந்தது.