வீட்டில் வேறு யாரும் இல்லை

லம்துவான் அந்த வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஏழு வருஷத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கசுமிகௌரா ஏரிக்கரைக்காரர்கள் சேற்றில் இறங்கித் தாமரைக்கிழங்கைத் தோண்டுவார்களே தவிர, அடுத்த வீட்டு விஷயத்தைத் தோண்ட மாட்டார்கள். இது நல்ல குணம்தான் என்று லம்துவான் வெகுநாள் நம்பியிருந்தாள்.

பதினைந்து நாள் சுற்றுலா அனுமதியில் தாய்லாந்திலிருந்து வந்தவள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. முதல் நாலு வருஷம் கண்ணாடிக் கூடாரங்களில் கீரை கட்டினாள். பிறகு நுமாஜிரி கியோதாகாவின் கொட்டகையில் கிழங்கு கழுவ வந்தாள். அவருக்கு அப்போது வயது ஐம்பத்துநாலு. கல்யாணம் ஆகாதவர், அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்றாம் மாதம் ஒரு மழை நாளில், "தினமும் சைக்கிள்ல வந்து போறது கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் காதல் வசனம் எதிர்பார்க்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் பையோடு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் இல்லாதவளாக இருக்கப் பழகினாள். துணிகள் மாடி அறைக்குள்தான் காயும். வாசல் நடையில் அவருடைய செருப்பு மட்டும் இருக்கும். அவளுடையது சமையலறை அலமாரியில். மணி அடித்தால் மெத்தை அடுக்கும் மறைவுக்குள் போய் இழுகதவைச் சாத்திக்கொள்வாள். யாராவது போட்டோ எடுத்தால் ஒரு கூடையையாவது தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். பல் வலித்தால் கிராம்பு, காய்ச்சல் வந்தால் கஞ்சி. கியோதாகாவும் தேறிவிட்டார். பால் அட்டை விற்பவன் முதல் கணக்கெடுக்க வருபவன் வரை எவன் வந்தாலும் வாசலிலேயே இரண்டு வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்.

போன குளிர்காலத்தில், அவளோடு கீரை கட்டிய இன்னொரு தாய்லாந்துக்காரியைச் போலீஸ்காரர்கள் சாலை முனையில் சைக்கிளை நிறுத்திக் குடியிருப்பு அட்டை கேட்டார்கள். அட்டை இல்லை. அவள் அறைக்குத் திரும்பி வரவேயில்லை. பாத்திரத்தில் ஊறப்போட்டிருந்த அரிசி அப்படியே புளித்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது கியோதாகா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"ஆறு வருஷம் கழிச்சா? இப்பத்தான் என்னைப் பார்த்தீங்களா?"

"கிண்டல் பண்ணாத. உன்னையும் அந்த மாதிரி புடிச்சிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தனக்காகப் பயந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பயம் அவளுக்கு இனித்தது.

ஊராட்சி அலுவலகத்தில் கல்யாணம் பதிவானது. ரயில் நிலையத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் ஷிராஹிகே என்பவரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒளிவு மறைவில்லாமல் பேசினார்.

"சட்டப்படி இவங்களைத் திருப்பி அனுப்பணும். ஆனா இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கிட்டு, உண்மையா ஒண்ணா வாழ்ந்து, தானா வந்து ஒத்துக்கிட்டா, தனி அனுமதின்னு ஒண்ணு குடுக்கலாம். உரிமை கிடையாது. கருணை. அவங்க மனசு வைக்கணும்."

"உண்மையாத்தான் வாழ்றோம்," என்றார் கியோதாகா.

"சரி. எதை வச்சுக் காட்டுவீங்க? சேர்ந்து எடுத்த போட்டோ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க பேருக்கு வந்த கடுதாசி? ஆஸ்பத்திரிச் சீட்டு? போன் பில்லு? உங்க சொந்தக்காரங்க யாருக்காவது இவங்களைத் தெரியுமா?"

எதுவும் இல்லை. ஆறு வருஷ வாழ்க்கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காசுக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் களவாணி ஜோடிகள்கூட நாலு ஊருக்குப் போய்ப் பல்லைக் காட்டிப் படம் எடுத்து வைத்திருக்கும். ஷிராஹிகே பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும். இனிமே ஒண்ணுதான் மிச்சம். ஒருநாள் காலையில சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வருவாங்க. வந்தா உள்ள கூட்டிட்டுப் போங்க. அலமாரியைத் திறந்து காட்டுங்க, பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் காட்டுங்க. அவங்க கண்ணால பார்த்துட்டா அதுக்கு மேல சாட்சி வேண்டாம்."

இரண்டு பேரும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்த் தலை குனிந்து நின்றார்கள். அவள் தன் பெயரையும் வந்த தேதியையும் சொன்னாள். கைரேகை எடுத்துக்கொண்டு, முடிவு தெரியும்வரை கணவர் பொறுப்பில் வீட்டில் இருக்கலாம் என்று அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கியோதாகா அவள் செருப்பை எடுத்து நடையில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வெட்டவெளியில் குளிப்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வாரம் அவரே இரண்டு தடவை அதில் தடுக்கினார். அவளுடைய சிவப்புப் பாவாடை கொல்லைக் கொடியில் காய்ந்தபோது, அடுத்த வீட்டு ஓகுரி அம்மாள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டோமே என்ற மரியாதை அது.

ஒரு மாதம் போனது. நாலு மாதம் போனது. யாரும் வரவில்லை. கோடை முடிந்து தாமரை இலைகள் கருகின. டிசம்பர் வந்தது.

புத்தாண்டுப் படையலுக்குத் தாமரைக்கிழங்கு இல்லாமல் முடியாது. அந்த மூன்று வாரம் ஏரிக்கரையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. இடுப்பளவு குளிர்ந்த சேற்றில் நின்று, குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் கிழங்கை உடையாமல் எடுக்க வேண்டும். இருபதாம் தேதி ஒரே ஒரு காலை, பம்பு பழுதாகிவிட்டதால் இருவரும் கண் அயர்ந்தார்கள். ஆறே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது.

பிறகு எத்தனையோ முறை அவள் அதை நினைத்துப் பார்த்துவிட்டாள். புத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலுக்குத் தெரியவில்லை. கண் திறக்கும் முன்பே எழுந்து, நடையிலிருந்து செருப்பைக் கையில் எடுத்து, கழுவுதொட்டி மேல் இருந்த தன் பிரஷ்ஷையும் உருவிக்கொண்டு, மெத்தை மறைவுக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்தியாகிவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம். தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் என்றால், பயத்தில் பழகியது சும்மா விடுமா?

கியோதாகா தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஓர் ஆண் குரல், மிகப் பணிவாக.

"காலையில தொந்தரவுக்கு மன்னிக்கணும். நுமாஜிரி ஐயாதானே? வீட்டுல வேற யார் யார் இருக்கீங்க?"

"வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தச் சத்தம் லம்துவானுக்கு இருட்டுக்குள் கேட்டது. ஏழு வருஷம் அவளைக் காப்பாற்றிய அதே இரண்டு வார்த்தை.

வந்தவர்கள் அப்போதுதான் அடையாள அட்டையை நீட்டியிருக்க வேண்டும். பிறகு கியோதாகாவின் குரல் உடைந்து வந்தது. "இல்லைங்க, தப்பாச் சொல்லிட்டேன். பொண்டாட்டி இருக்கா. உள்ளதான் இருக்கா. துவான், வெளிய வா. துவான்!"

வீட்டில் வெளியாள் இருக்கும்போது அவர் அவள் பெயரைச் சொன்னதே கிடையாது. சொல்கிறார் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது, ஓடு என்றுதான் அவளுக்குப் பட்டது. மறைவிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து பின்கதவு வழியாக வெளியே. பம்புக் கொட்டகைக்குப் பின்னால், வெறுங்காலோடு உறைபனியில், கையில் செருப்பும் பிரஷ்ஷுமாக அவளைக் கண்டுபிடித்தார்கள்.

"இது உங்க வீடாம்மா?" என்று வந்தவர்களில் இளையவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அலமாரியைக் காட்டினார் கியோதாகா. சிவப்புப் பாவாடையைக் காட்டினார். கிழங்குச் சேறு அப்பிய அவளுடைய ரப்பர் காலுறையைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்லி, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் இருவரையும் அழைத்துத் தனித்தனி அறையில் விசாரித்தார்கள். லம்துவானை விசாரித்த உகிதா என்ற அதிகாரி நடுவயதுப் பெண். தேநீர் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"நேத்து ராத்திரி ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டீங்க?"

"அவர் கானாங்கெளுத்தி சாப்பிட்டார். நான் முள்ளங்கி துருவி, மிளகாய் போட்டு இடிச்சுச் சாப்பிட்டேன்."

"ஒரே சாப்பாடு இல்லையா?"

"அவருக்குக் காரம் ஆகாதும்மா."

அது எழுதப்பட்டது. அப்புறம் உகிதா பேனாவை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தோணல. ஆனா அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் தனியா இருக்கேன்னு சொல்லியிருக்கார். நடையில உங்க செருப்பு இல்ல. நீங்க வெளிய நின்னிருக்கீங்க. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுலயும் கேட்டிருக்காங்க. அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த வீட்டுல பொம்பளை யாரையும் நான் பார்த்ததே இல்லைன்னு."

லம்துவானுக்கு ஓகுரி அம்மாள் மேல் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது. பாவம், அந்தக் கிழவி தன்னால் முடிந்த உபகாரத்தைச் செய்திருக்கிறாள். எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லிக் காப்பாற்றினாளோ.

"பயத்துல ஓடிட்டேம்மா. பழக்கம்."

"பழக்கம்னு எழுதிக்கறேன்," என்றாள் உகிதா. எழுதவும் செய்தாள். அந்தத் தாள் மேலே போனால் அதைப் படிப்பவர்களுக்குப் பழக்கம் என்ற சொல்லில் என்ன தெரியும்?

விஷயம் தெரிந்த அன்று ஓகுரி அம்மாள் ஊறுகாய் முள்ளங்கியோடு வந்து நடையிலேயே மண்டியிட்டுவிட்டாள். "இன்னொரு தடவை போய்ச் சொல்றேன். ஏழு வருஷமாப் பார்க்கறேன்னு சொல்றேன்." போய்ச் சொல்லவும் சொன்னாள். முதலில் சொன்னதுதான் தாளில் முதலில் இருந்தது. இரண்டாவதாகச் சொன்னதை, சொல்லிக் கொடுத்து வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"இன்னும் முடிவு வரல. நம்பிக்கையை விடாதீங்க," என்றார் ஷிராஹிகே தொலைபேசியில். ஆனால் அவர் குரலில் அது இல்லை. போனால் ஐந்து வருஷத்துக்குத் திரும்ப முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஏப்ரலில் விதைக்கிழங்கு நடும் வேலை தொடங்கியது. வரப்பில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிடும்போது கியோதாகா சொன்னார்.

"அனுப்பிட்டாங்கன்னா நானும் அங்க வந்துடறேன்."

"மூணு நாள் இந்த வயலை விட்டு இருந்திருக்கீங்களா? எங்க ஊர்ல வந்து யார் முகத்தைப் பார்த்துட்டு உட்காருவீங்க?"

"உன் முகத்தைத்தான்."

அவருக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டது, போன மாதத்திலிருந்து இடது முழங்கால் மடங்கவில்லை. ஐந்து வருஷத்தைக் கூட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் தேதி, அவர் பின்புறம் குழாய் கழுவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அவள் கால் மறைவுப் பக்கம் திரும்பியது. அதை நிறுத்திக்கொண்டு, நடைக்குப் போய், தானே கதவைத் திறந்தாள். ஏழு வருஷத்தில் அந்த வீட்டுக் கதவை அந்நியர் ஒருவருக்கு அவள் திறந்தது அதுதான் முதல் தடவை.

தபால்காரர் உறையைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டினார். "நுமாஜிரி வீடு... லம்துவான். இங்கதான் இருக்காங்களா?"

"நான்தான்."

"ஒரு கையெழுத்து."

போட்டாள். அவள் பெயரும் அந்த முகவரியும் சேர்ந்து ஒரே உறையில் வந்தது அன்றைக்குத்தான். உள்ளே ஒரே தாள். அனுமதி மறுக்கப்படுகிறது. பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பெட்டியோடு குடியேற்ற அலுவலகத்துக்கு வர வேண்டும்.

கியோதாகா ஈரக் கையோடு வந்தார். அவள் முகத்தையும் தாளையும் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அப்படியே நடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏன் துவான் கதவைத் திறந்த?" என்றார், குழந்தை மாதிரி. "அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லி அனுப்பியிருப்பேனே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமாக இருந்த அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள்.

"பதினாலாம் தேதிக்கு அப்புறம் சொல்லுங்க," என்றாள். "அப்ப சொன்னா எல்லாரும் நம்புவாங்க."