கீழ்வீட்டு அடுப்பில் சொட்டும் தண்ணீர்

கோவிந்தம்மாக்கா கத்தினால் எனக்குப் பயமில்லை. அன்று மதியம் அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வாரமா உன் வூட்டுத் தண்ணி என் அடுப்புலதான் சொட்டினு கீது, சத்யா. இன்னைக்கு நிக்கலன்னா நாளையிலேர்ந்து பாப்பாவ வேற எங்கனா வுட்டுக்க."

என் மகள் தென்றலுக்கு மூன்று வயது. நானும் கணவரும் ஷிஃப்டுக்குப் போனால் கீழ்வீட்டு அக்காதான் அவளுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைப்பார். சேரப்பணஞ்சேரியில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? பிள்ளையை விட ஆளில்லை என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் சிங்க்கில் இருந்த ஸ்ப்ரேயர். இழுத்து நீட்டிப் பாத்திரம் கழுவுகிற சொகுசுச் சாமான். அதன் ஓஸ் சிங்க்குக்கு அடியில் ஒழுகி, தரை விரிசல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிளம்பரோ தினமும் நாளைக்கு வருகிறேன் என்கிறார். ஒரகடம் ஃபாக்டரியில் லாரிக்கே ஓஸ் மாட்டுகிறவள் நான், சிங்க்குக்கு மாட்ட மாட்டேனா? தெருமுனையில் டெனிசன் வைத்திருக்கும் பைப்புக் கடைக்கு ஓடிப் புது ஸ்ப்ரேயர் வாங்கி வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சிங்க்குக்கு அடியில் புகுந்தேன்.

வால்வை மூடினேன். பழையதைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்புவது? ஃபாக்டரி லைனில் அதற்கென்று மெஷின் உண்டு. அதுவே திருப்பும், பச்சை விளக்கு எரிந்தால் சரி. இங்கே மல்லாந்து படுத்ததும் இடது எது, வலது எது என்றே குழம்பிவிட்டது. எப்படியோ கழன்றது. புதியதை மாட்டிக் கை வலிக்கும்வரை முறுக்கினேன். பச்சை விளக்கு எதுவும் எரியாததால் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

வால்வைத் திறந்தேன். முகத்திலேயே பீய்ச்சியது.

"இன்னாடி பண்ண?" என்று கீழேயிருந்து அக்காவின் குரல். "சொட்டினு இருந்தது இப்ப ஊத்துதே!"

கழற்றினேன், மாட்டினேன், ஊற்றியது. துணி சுற்றி மாட்டினேன், துணியும் நனைந்து ஊற்றியது. புத்தம்புதுச் சாமான், மரையும் ஒழுங்காகத்தான் ஏறுகிறது, பிறகு ஏன்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். நட்டுக்குள் வளையம் மாதிரி கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும், அதுதான் தண்ணீரை நிறுத்தும் என்றார் அதிலிருந்தவர். என் நட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலி.

வந்ததே கோபம்! வால்வை மூடிவிட்டு ஸ்ப்ரேயரும் கையுமாகக் கடைக்குப் போனேன்.

"வாஷரே இல்லாம விக்கிறியே டெனிசா, உன்னால என் பொழப்பே போவப் போவுது!"

"ரெண்டு முனையிலயும் இருந்துச்சேக்கா, காட்டித்தானே குடுத்தேன்? சரி, பில்லு குடு, மாத்தித் தரேன்."

பில்லைத் தேடிப் பேண்ட் பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டினேன். ஐடி கார்டு, நசுங்கிய மிட்டாய், இரண்டு கறுப்பு ரப்பர் வளையம்.

இவை எப்படி இங்கே வந்தன என்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. லைனில் வருகிற ஒவ்வொரு ஓஸின் வாயிலும் தூசி போகாமலிருக்க ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தரையில் போட்டால் சூப்பர்வைசர் கத்துவார். மூன்று வருடமாகச் செய்கிற வேலையை என் கை வீட்டிலும் என்னைக் கேட்காமலே செய்துவிட்டது.

டெனிசன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வளையங்களை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

வளையங்களை உள்ளே வைத்து மாட்டினேன். ஒழுகவில்லை. அப்போதும் நம்பிக்கை வராமல் கீழே இறங்கி, அக்காவின் அடுப்படியில் நின்று மேலே பார்த்தேன். ஏற்கனவே ஊறியிருந்த தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு எதுவும் விழவில்லை. நடந்ததைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்காவின் இடுப்பில் இருந்த தென்றல் என்னை வேடிக்கை பார்த்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. சொட்டுக்காக அடுப்பின் மேல் வைத்திருந்த குண்டானை எடுத்துத் தண்ணீரை வெளியே கொட்டினார்.

"காலையில ஷிஃப்டுக்குப் போறப்ப மறக்காம இவள என் கையில குடுத்துட்டுப் போ," என்றார். "நீ பாட்டுக்குப் பழக்க தோஷத்துல பாக்கெட்டுல போட்டுக்கினு பூடப் போற."