காலண்டர் பின்பக்கத்து ராஜாக்கள்

நாளைக் காலை பத்து மணிக்கு சசிகுமார் மாமா அந்தத் தாளை ஆபீஸில் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டால் அப்பாவின் வேலை சண்முகப்ரியாவுக்கு. விஷ்ணு அண்ணனுக்கு இல்லை. அதைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு தாள் இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ராத்திரி மணி ஒன்பதரை. மாமா ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ப்ரியா கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க ராஜாக்கள்.

வருஷா வருஷம் சுரங்கக் கம்பெனி கொடுக்கிற பெரிய காலண்டரை அப்பா சோமசுந்தரம் தூக்கிப் போடவே விடமாட்டார். பின்பக்கம் வழுவழுவென்று வெள்ளையாக இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்பு அரசாங்கப் பரீட்சைக்குப் படித்தபோது விஷ்ணு அந்தப் பக்கங்களில்தான் ராஜாக்களை எழுதி ஒட்டினான். இங்கிலாந்துக்கு ஒரு தாள், பிரான்சுக்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சோழர்களுக்கு ரெண்டு. ஒவ்வொரு பெயரிலிருந்தும் அடுத்த பெயருக்கு ஒரு சிவப்பு அம்பு. பரீட்சை தேறவில்லை. ராஜாக்கள் மட்டும் தங்கிவிட்டார்கள்.

விளக்கை அணைத்த பிறகு அண்ணனும் தங்கையும் விளையாடுவார்கள். அவன் ஒரு ராஜா பெயரைச் சொல்வான்.

"பதினாலாம் லூயி. அடுத்தது யாரு?"

"பதினஞ்சாம் லூயி."

"மகனா?"

"மகனும் போய்ட்டான், பேரனும் போய்ட்டான். கொள்ளுப்பேரன். அஞ்சு வயசு."

"துருக்கி. மூணாம் முராது."

"மூணாம் மெகமது. பதவிக்கு வந்ததும் பத்தொம்பது தம்பிங்களையும் கழுத்த நெரிச்சுக் கொல்லச் சொல்லிட்டான்."

"நல்லவேள, எனக்கு நீ ஒருத்திதான். வேல சுளுவு" என்று சொல்லி விஷ்ணு தலையணையால் அவள் முகத்தை அமுக்குவான். அவள் கத்துவாள். பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்: "ராஜாமாருங்களா, தூங்குங்கலே. எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

ரெண்டு வருஷத்துக்கு முன்பு விஷ்ணு மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த மலர்கொடியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பக்கத்து வளையமாதேவி ஊர்க்காரி. அவள் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. "நம்ம ஆளுக கெடையாது" என்று ஒரே வார்த்தையில் அம்மா கதவைச் சாத்தினாள். விஷ்ணு வடக்குத்து கிராமத்தில் வாடகைக்கு வீடு பிடித்தான். சுரங்கத்திலேயே காண்ட்ராக்டில் சேர்ந்து, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போட்டான். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அப்பாவும் அவனும் டீக்கடையில் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன்பு, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. அண்ணன்தான் கொள்ளி வைத்தான். மலர்கொடி குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கடைசிவரை நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. ப்ரியாவும்தான்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்காகக் கம்பெனி தருகிற வாரிசு வேலை ஒருத்தருக்குத்தான். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ப்ரியாவுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. கோவில்பட்டியிலிருந்து மாமா வந்து இறங்கினார்.

"அவனுக்குப் போனா வேல மட்டுமா போவும்? குவார்ட்டர்ஸும் அந்தப் பிள்ள கைக்குப் போயிரும், அக்கா. அடுப்படியில நிக்க நீ அவகிட்ட கேக்கணும்" என்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஆய்ந்து முடித்ததும், "விஷ்ணு சம்மதிச்சா பிரியாவுக்கே எழுது" என்றாள்.

சம்மதம் கேட்கிற வேலையை மாமா வேறு விதமாக முடித்தார். ரெண்டு தாள், ஒரு பின். மேல் தாளில், குவார்ட்டர்ஸை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ள மனு. அடித்தாளில், தந்தையின் வேலையைத் தங்கைக்குத் தர எனக்கு ஆட்சேபணை இல்லை. "நீ கொண்டுபோ, ஏட்டி. தங்கச்சின்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவான்" என்றார் ப்ரியாவிடம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், செகண்ட் ஷிப்டுக்கு பஸ் ஏற நின்ற அண்ணனிடம் கொண்டுபோனாள். "என்னதுடி இது?" என்றான். "குவார்ட்டர்ஸ் மனு. ரெண்டுலயும் போடு." அவளுடைய வரலாற்று நோட்டையே அட்டையாக வைத்து மேல் தாளில் போட்டான். அடுத்த கையெழுத்துக்காக அவள் அடித்தாளின் ஓரத்தை மட்டும் இழுத்துக் காட்டினாள். அப்போது ஒரு காற்று வந்தது. மேல் தாள் படபடவென்று தூக்கியது. அவளுடைய கட்டைவிரல் தானாகப் போய் அதை அமுக்கிக்கொண்டது.

"காத்து" என்றாள். அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா கேட்டாள்: "ஏட்டி, வாசிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டான்? என்னமும் சொன்னானா?"

"ஒன்னும் சொல்லல."

அம்மா அடுக்களைக்குள் போனாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "அப்படியே அப்பா குணம்" என்றாள். மறுநாள், இட்லி ஊற்றிக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரி, "அந்தப் பிள்ளைக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். மலர்கொடி உண்டாகியிருப்பது தெரிந்தும் அம்மா அவளைப் பற்றிக் கேட்டது ரெண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மகன் மனசாரக் கொடுத்தான் என்று நம்பி அம்மா இளகுகிறாள். அவன் கொடுக்கவே இல்லை.

இங்கிலாந்துத் தாளில் ஆறாம் எட்வர்டுக்கும் மேரிக்கும் நடுவில் பென்சிலால் பொடிப் பொடியாக ஒரு பெயர் இருந்தது. ஜேன். விஷ்ணு அவளை எழுதவில்லை. "ஒம்போது நாள்தானடி இருந்தா, அதெல்லாம் லிஸ்டுல வராது" என்றான். ப்ரியா சண்டை போட்டுச் சேர்த்தாள். சாகக் கிடந்த எட்வர்டு தன் அக்காமார் ரெண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு உறவுக்காரப் பெண் ஜேனுக்குப் பட்டம் என்று எழுதிவைத்தான். பெரியவர்கள் போட்ட திட்டம். அவளுக்குப் பதினாறோ பதினேழோ. வேண்டாம் என்று அழுதாள், பிறகு உட்கார்ந்தாள். பத்தாம் நாள் அவளுடைய அப்பாவே வந்து, சிம்மாசனத்துக்கு மேல் கட்டியிருந்த துணியை இழுத்துப் போட்டாராம். "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?" என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள். விடவில்லை. பிறகு தலையை வெட்டினார்கள்.

பாவம் ஜேன் என்றுதான் ப்ரியா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது வேறொன்று உறுத்தியது. ஜேனாவது அழுதாள். "கம்பெனி பஸ்ல ஏறிப் போவ, கழுத்துல ஐடி கார்டு தொங்கும்" என்று மாமா சொன்னபோது ப்ரியா அழவில்லை. ஸ்கூல் கார்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். நாற்காலியில் தொங்கிய மாமாவின் ரெக்சின் பையைத் திறந்தாள். ஜிப்பின் சத்தத்தில் குறட்டை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குறட்டை மறுபடி தொடங்கியது. ரெண்டு தாளையும் வரலாற்று நோட்டுக்குள் வைத்து, பின்பக்கமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் பத்தே காலுக்கு செகண்ட் ஷிப்ட் பஸ் வந்தது. டிபன் பையில் ஹெல்மெட் தொங்க இறங்கிய விஷ்ணு, அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அம்மாவுக்கு என்னடி?"

"அம்மா நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் இந்நேரத்துல இங்க என்ன பண்ற? நாய் வேற சுத்துது."

வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தாள். அவள் வாயில் வந்தது வேறு.

"ஆறாம் எட்வர்டு. அடுத்தது யாரு?"

"லூசாடி நீ?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேரி. சரி சரி, மொறைக்காத. ஒன் ஆளு. ஒம்போது நாள்."

"அவளுக்கு யாரு குடுத்தா?"

"வூட்டுப் பெரியவங்கதான், அவங்க ஆதாயத்துக்கு..." அவன் நிறுத்தினான். சிரிப்பு போய்விட்டது. "ப்ரியா. என்ன பண்ணிட்ட?"

அவள் நோட்டைத் திறந்து தாளை நீட்டினாள். அவன் செல்போன் வெளிச்சத்தில் படித்தான். மேல் தாளைப் புரட்டி அடித்தாளைப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். நகத்தடிக் கரி தாளின் ஓரத்தில் லேசாக ஒட்டியது.

"இது என் கையெழுத்துதான்."

"ஆமா."

"நான் இதப் படிக்கலியே."

"நான்தான் படிக்க விடல. காத்தடிச்சு மேல்தாள் தூக்குச்சு. வெரலால அமுக்கிட்டேன்."

"அமுக்கச் சொல்லி மாமா சொன்னாரா?"

சொன்னார் என்று சொல்லிவிட்டால் போதும். மாமா தலையில் இதுவும் ஒன்றாகப் போய்விடும். "இல்ல" என்றாள். "அது நானாத்தான்."

ஒரு லாரி போனது.

"ஆசையா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

அவனுடைய போன் அடித்தது. மலர்கொடியின் குரல் அந்த அமைதியில் வெளியே கேட்டது. "எங்க இருக்கீங்க? பஸ்ஸு போயி எம்மாம் நேரம் ஆவுது? சோறு ஆறிகினு கெடக்குது."

"ப்ரியா வந்திருக்கா."

"இந்நேரத்துலயா? ரோட்டுல நிக்க வச்சிகினு என்னா பேச்சு? வூட்டுக்கு இட்டுகினு வாங்க. சாப்டுச்சாமா அது?"

ப்ரியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வேப்பமரத்தடியில் நின்றவள் கேட்கிற கேள்வியா இது?

விஷ்ணு போனை வைத்தான். "கிழிச்சிருண்ணே" என்றாள் அவள்.

"கிழிச்சா நாளைக்கு மாமா இன்னொன்னு எழுதுவாரு. என்கிட்ட வந்து நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

அவன் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து இழுத்து விட்டான்.

"போட்டிருப்பேன்னு சொல்லத்தான் வாய் வருது. தெரியலடி. மலர் மாசமா இருக்கா. காண்ட்ராக்ட்ல என்னைக்கு வேணா நாளையிலேர்ந்து வராதேம்பான். சண்டை போட்டிருப்பேனோ, குடுத்திருப்பேனோ. அதத் தெரிஞ்சிக்கவே வுடாம பண்ணிட்டீங்க. அதான் வலிக்குது." பிறகு சொன்னான்: "சோழன் ராஜாதிராஜன் போர்ல யானை மேலயே செத்துட்டாரு. தம்பி அங்கயே முடி சூடிக்கிட்டாரு. ஆனா ரெண்டு சேனையும் பாக்க சூடினாரு."

"அம்மா, நீ மனசாரக் குடுத்தேன்னு நெனச்சிக்கினு இருக்கு. அண்ணிக்கு எத்தனாவது மாசம்னு கேட்டுச்சு."

அவன் முகம் திரும்பியது. அண்ணி என்று அவள் இதுவரை சொன்னதில்லை. "அம்மாவா கேட்டுச்சு?"

"ம். நெசத்தச் சொன்னா அதுவும் போயிரும்ல?"

அவன் தாளைப் பார்த்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாளை நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. பிறகு தாளை மடிக்காமல் அவளிடமே நீட்டினான்.

"போனா போவட்டும். பொய்யில வந்த பாசம் எத்தன நாளைக்கு? ராத்திரியே அம்மாகிட்ட சொல்லு. நீயே சொல்லு. காலையில எட்டு மணிக்கு நான் வரேன், மலரும் வருவா. கேட்டுக்கு வெளிய நிக்க மாட்டா. உக்காந்து பேசுவோம். வேல யாருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"அம்மா அடிக்கும்."

"வாங்கிக்க. நானே ரெண்டு வச்சிருப்பேன், ரோடா போச்சு."

அவன் சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு பிளாக் முனைவரை வந்தான். முன்பெல்லாம் செய்கிற மாதிரி தலையில் தட்டவில்லை. முனையில் நின்று, "போ" என்றான். அவள் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் நின்றாள்.

"எங்கட்டி போன, பாதி ராத்திரியில? பேப்பரக் காணும்னு ஒங்க மாமா..."

"எங்கிட்டதாம்மா இருக்கு."

"ஏ பிரியா, அத இங்க குடு" என்று மாமா எழுந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சாப்பாட்டு மேஜை மேல் நோட்டை வைத்து, அதன் மேல் ரெண்டு தாளையும் பின்னோடு வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க வா. அண்ணன் இத எப்படிப் போட்டுச்சுன்னு நான் பொய் சொல்லிட்டேன்."

அம்மா மெதுவாக வந்து குனிந்தாள். மேலே ஃபேன் சுற்றியது. மேல் தாள் எழும்பிப் படபடத்தது. ப்ரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.