யூகோ வீசும் நாளில் ஊசி

எங்கள் தீவில் யூகோ என்ற தென்காற்று வீசும்போது யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. நிலம் விற்பதில்லை, பெண் கேட்பதில்லை, படகுக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூடப் பேசுவதில்லை. ஈரமும் தலைவலியுமாக வரும் அந்தக் காற்றில் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாதாம். மற்ற நாட்களில் என் புத்தி வேலை செய்ததற்கும் பெரிய ஆதாரம் இல்லை. அது வேறு விஷயம்.

அந்த அக்டோபரில் யூகோ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நவம்பர் நடுவில் என் மகள் தோங்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைக்க வாசலுக்கு வரும்போது எங்கள் கிளாபா பாட வேண்டும். கிளாபா என்றால் எட்டுக் கிழவர்கள். வாத்தியம் கிடையாது, தோளில் கைபோட்டு, தலைகள் முட்டுமளவு வளைந்து நின்று பாடுவோம். ஃபிரானேதான் உச்சக் குரல். நான் அடிக்குரல். எனக்கு மொத்தம் இரண்டு சுரம். அதில் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி நின்றால் பாட்டு பரவுகிறதோ இல்லையோ, காய்ச்சல் பரவும். அதற்கு முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஃபிரானே ஒரே ஒரு தும்மல் தும்மினான். பூசையன்று மிச்சம் நான் ஒருவன். தனியாக ஒலித்த என் அடிக்குரலைக் கேட்ட பாதிரியார், துறைமுகத்தில் யாரோ இன்ஜினை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

தோங்கா அதை மறக்கவில்லை. "அப்பா, என் கல்யாணத்துலயும் நீங்க மட்டும் நின்னு உறுமினீங்கன்னா, சத்தியமா நான் கதவைத் திறக்க மாட்டேன்."

அவள் செய்யக்கூடியவள். அவள் அம்மாவைப் போல.

ஆகவே எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட டாக்டர் நெவென்காவை ஒத்திகைக்கே வரவழைத்தேன். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும். அதற்குமேல் தள்ளினால் கல்யாணம் வந்துவிடும். ஏழு பேரும் கையை நீட்டிவிட்டோம். ஃபிரானே மட்டும் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டான்.

"முந்தின வருஷம்தான் போட்டேனே! ஞானஸ்நானம் ஒரு தடவைதானே குடுக்குறாங்க? இது மட்டும் ஏன் வருஷா வருஷம்?"

"அண்ணே, வைரஸ் வருஷா வருஷம் சட்டையை மாத்திக்கிட்டு வருது. உங்க உடம்பு பழைய சட்டையைத் தேடிக்கிட்டு நிக்குது. அதுவும் கொஞ்ச நாள்ல மறந்துபோகுது."

"போட்ட வருஷமும் சளி பிடிச்சுதே?"

"ரெண்டு நாள் மூக்கு ஒழுகுச்சு. போன வருஷம் போடாம விட்டீங்க, ஸ்ப்ளிட் டவுன் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சுப் படுத்தீங்க. எது தேவலை?"

"அப்போ சாகுற வரைக்கும் இப்படியேதானா?"

"தெரியாதுண்ணே. எந்தச் சட்டையில வந்தாலும் பிடிக்கிற ஊசி ஒண்ணைத் தேடிக்கிட்டிருக்காங்க. கிடைக்கிற வரைக்கும் உங்க வயசுக்கு வருஷம் ஒண்ணு."

ஃபிரானே ஜன்னலைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "சரி, யோசிக்கிறேன். ஆனா இன்னிக்கு யூகோ அடிக்குது. முடிவெடுக்கக் கூடாது."

ஏழு பேரும் தலையாட்டினோம். நானும்தான்! அது என்னை மீறி ஆடிவிட்டது.

நெவென்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படின்னா ஃபிரானே அண்ணன் முற்றத்துக்கு அந்தப் பக்கம், அத்தி மரத்தடியில நின்னு பாடட்டும். கல்யாணத்திலும் அப்படித்தான்."

பாடினோம். நாங்கள் இரண்டாவது அடிக்குப் போனபோது அவன் முதல் அடியில் இருந்தான். அவன் எங்களைத் துரத்த, நாங்கள் அவனுக்காக நிற்க, பக்கத்து வீட்டு நாய் மட்டும் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டது.

ஃபிரானே திரும்பி வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. "உங்க மூச்சு கேக்கலடா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

முப்பது வருஷமாக என் பக்கத்தில் நிற்பவன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"டேய் ஃபிரானே, நீ முடிவெல்லாம் எடுக்க வேணாம். ஊசியை மட்டும் போட்டுக்க. வடக்குக் காத்து அடிக்கிற அன்னிக்கு முடிவு சொல்லு."

அவன் புருவம் சுருங்கியது. "அது செல்லுமா?"

"செல்லும்!" என்றோம் ஏழு பேரும்.

"ஆ!" என்றான் ஃபிரானே. நெவென்கா அதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒத்திகையில் வழக்கம்போல் தோளில் கைபோட்டோம். எட்டு பேருக்கும் ஊசி போட்ட கை வலி. எட்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றோம். அந்த வருஷம் நாங்கள் அவ்வளவு சுருதி சுத்தமாக வேறெதையும் பாடவில்லை.

கல்யாணத்தன்று வடக்குக் காற்று. வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. வாசலில் வளைந்து நின்றதும் ஃபிரானே தொண்டையைச் செருமினான். "முடிவெடுத்துட்டேன். ஊசி வேணாம்."

"ஆகட்டும்ண்ணே," என்றாள் விருந்தாளிகளுக்கு நடுவே நின்ற நெவென்கா. "அடுத்த வருஷமும் யூகோ அடிக்கிற நாளாப் பாத்து வர்றேன்."

பாட ஆரம்பித்தோம். கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் தோங்கா நின்றாள். என்னிடமிருந்த இரண்டு சுரமும் போய்விட்டன.

"என்னடா, ஊசி போட்டும் தொண்டை அடைச்சுக்கிச்சா?" ஃபிரானே கிசுகிசுத்துவிட்டு என் தோளை இறுக்கினான். அவன் விலா விரிந்து மூச்சு இழுப்பது என் மேல் தெரிந்தது. நானும் இழுத்தேன்.